மனப் பாரத்தை இறக்கி வைக்க ஒரு சுமைதாங்கி!

பாட்டிமார் போட்ட பெஞ்சு - டாக்டர்கள் கூடிய வட்டம் - வக்கீல் எழுதி வைத்த கதை

மனிதனுக்கு 2 வகைச் சுமை உண்டு. ஒன்று தலைச்சுமை. மற்றொன்று மனச்சுமை.

தலைச்சுமைக்காரர்களுக்காக நம் முன்னோர் சாலை ஓரங்களில் சுமைதாங்கிக் கல் நட்டு வைத்தார்கள். 2 கல்லை நிறுத்தி, அவற்றின் மேல் ஒரு கல்லைப் படுக்க வைத்திருப்பார்கள். சுமந்து வருகிறவன் யாருடைய உதவியும் இல்லாமல் மூட்டையை அதன்மேல் இறக்கலாம். சற்று மூச்சு வாங்கலாம். பிறகு தலையில் ஏற்றிக்கொண்டு நடக்கலாம்.

மூட்டையை ஊர் கொண்டுபோய்ச் சேர்ப்பது சுமைதாங்கியின் வேலை அல்ல. கொஞ்ச நேரம் தாங்குவதுதான் அதன் வேலை. அந்தக் கொஞ்ச நேர ஓய்வுதான் மீதி வழியை நடக்க வைக்கிறது.

மனச்சுமைக்கு இப்படி ஒரு சுமைதாங்கி உண்டா?

"உண்டு" என்று காட்டியிருக்கிறார்கள், ஆப்பிரிக்காவில் 14 பாட்டிமார்!

15 டாலர் இல்லை

தெற்கு ஆப்பிரிக்கப் பகுதியில் ஜிம்பாப்வே என்று ஒரு நாடு இருக்கிறது. முன்பு அதற்கு ரொடீசியா என்று பெயர். 1980-ம் ஆண்டு சுதந்திரம் அடைந்தது. அதன் தலைநகரம் ஹராரே.

அந்த நாட்டில் மனநோய் டாக்டர் ஒருவர். பெயர், டிக்சன் சிபாண்டா.

2005-ம் ஆண்டில் ஒரு நாள் அவருக்கு வெளியூர் ஆஸ்பத்திரியில் இருந்து டெலிபோன் வந்தது. அவரிடம் வைத்தியம் பார்த்துக்கொண்ட ஓர் இளம்பெண், உயிரை விட முயன்றிருந்தாள். ஆஸ்பத்திரியில் சேர்த்துக் காப்பாற்றி விட்டார்கள்.

"உடம்பு தேறியதும் ஹராரேக்கு அனுப்பி வையுங்கள். நான் பார்க்கிறேன்" என்று டாக்டர் சிபாண்டா ஏற்பாடு செய்தார்.

அவள் வரவில்லை. பிறகு அவளுடைய தாயாரிடம் இருந்துதான் செய்தி வந்தது. அவள் தன் உயிரை மாய்த்துக் கொண்டாள்!

"ஏன் அழைத்து வரவில்லை?" என்று டாக்டர் கேட்டார்.

தாயார் சொன்ன காரணம் அவரை உலுக்கி விட்டது. ஹராரே வருவதற்குப் பஸ் கட்டணம் 15 டாலர். அந்தப் பணம் அவர்களிடம் இல்லை.

டாக்டர் இருந்தார். வைத்தியம் இருந்தது. நடுவில் 15 டாலர் குறுக்கே நின்றுவிட்டது.

"ஆஸ்பத்திரியில் உட்கார்ந்து நோயாளிக்காகக் காத்திருந்தால் பயன் இல்லை. மக்கள் இருக்கும் இடத்துக்கே வைத்தியம் போக வேண்டும்" என்று சிபாண்டா முடிவு செய்தார். இந்தச் சம்பவத்தைப் பிற்காலத்தில் பல மேடைகளில் அவர் சொல்லியிருக்கிறார்.

ஆனால் போவதற்கு யார் இருக்கிறார்கள்? 1 கோடிக்கு மேல் ஜனத்தொகை உள்ள அந்த நாட்டில், மனநோய் டாக்டர்கள் ஒரு டஜன் பேர் அளவுக்குத்தான் இருந்தார்கள்!

மரத்தடியும் 14 பாட்டிமாரும்

ஹராரே நகரில் ம்பாரே என்பது ஏழை மக்கள் நிறைந்த பழைய பகுதி. பெரிய சந்தையும் பஸ் நிலையமும் அங்கேதான் இருக்கின்றன.

2005-ம் ஆண்டில் ஜிம்பாப்வே அரசாங்கம் நகரங்களில் இருந்த குடிசைகளையும், பெட்டிக்கடைகளையும் இடித்துத் தள்ளியது. சுமார் 7 லட்சம் பேர் வீட்டையோ, பிழைப்பையோ, இரண்டையுமோ இழந்தார்கள் என்று ஐக்கிய நாடுகள் சபை கணக்கிட்டது. ம்பாரே மக்களும் அதில் அடிபட்டார்கள்.

2006-ம் ஆண்டில் டாக்டர் சிபாண்டா அங்கே போனார். "மன வைத்தியம் செய்யவேண்டும். நர்சுகளைக் கொடுங்கள், ஓர் அறை கொடுங்கள்" என்று கேட்டார்.

நர்சுகளுக்கு வேறு வேலை நிறைய இருந்தது. ஆஸ்பத்திரியில் காலி அறையும் இல்லை.

கடைசியில் கிடைத்தது என்ன தெரியுமா? ஆஸ்பத்திரிக்கு வெளியே உள்ள காலி இடம். அத்துடன் 14 பாட்டிமார்!

இவர்கள் வீடு வீடாகப் போய்ச் சுகாதாரம் பற்றிச் சொல்லும் தொண்டு வேலை செய்து வந்தவர்கள். அதிகம் படித்தவர்கள் அல்ல. ஆனால் அந்த வட்டாரத்தில் எல்லாருக்கும் தெரிந்தவர்கள். ஷோனா மொழியில் பாட்டிக்கு 'அம்புயா' என்று பெயர். 'அம்புயா' சொன்னால் அங்கே தட்டிப் பேசமாட்டார்கள்.

"இந்தப் பாட்டிமாரை வைத்துக்கொண்டு என்ன செய்வது?" என்ற தயக்கம் முதலில் டாக்டருக்கே இருந்தது. நாளாக ஆகத் தெரிந்தது, அவர்கள்தான் பெரிய சொத்து என்று.

பெயரை மாற்றிய பாட்டிமார்

மரத்தடியில் ஒரு மர பெஞ்சு போடுவது என்று தீர்மானம் ஆயிற்று. டாக்டர் அதற்கு 'மனநல பெஞ்சு' என்று பெயர் வைத்தார்.

பாட்டிமார் ஒப்புக்கொள்ளவில்லை.

அந்தப் பெயரைக் கேட்டால் ஒருவரும் வந்து உட்காரமாட்டார்கள் என்று சொல்லிவிட்டார்கள். உண்மைதானே? 'பைத்தியக்கார பெஞ்சு' என்று ஊர் சொல்லும். பிறகு எந்தப் பெண் அதில் உட்காருவாள்?

'நட்பு பெஞ்சு' என்று பெயர் மாறியது. ஷோனா மொழிப் பெயருக்கு 'யோசனை பரிமாறிக்கொள்ளும் பெஞ்சு' என்பது பொருள்.

நோயின் பெயரையும் பாட்டிமார் மாற்றினார்கள். டாக்டர்கள் 'மனச்சோர்வு நோய்' என்பதை, அந்த ஊர் ஜனங்கள் 'குஃபுங்கிசிசா' என்பார்கள். 'அளவுக்கு மீறி நினைத்துக் கொண்டிருப்பது' என்று அர்த்தம். "மனசிலே போட்டு உழப்பிக் கொண்டே இருக்கிறாள்" என்று நம் வீடுகளில் சொல்கிறோமே, அதேதான்!

பெஞ்சில் நடப்பது என்ன?

கவலையோடு வருகிறவரிடம் முதலில் 14 கேள்விகள் கேட்கிறார்கள். சரியாகத் தூக்கம் வருகிறதா? அழுகை வருகிறதா? உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றுகிறதா? இப்படி எளிய கேள்விகள்.

ஆபத்து பெரிது என்று பதிலில் தெரிந்தால், பாட்டி தாமே வைத்துக் கொள்வதில்லை. மேல் வைத்தியத்துக்கு அனுப்பி வைக்கிறார்.

மற்றவர்களுக்குப் பெஞ்சில் 3 படியாக உதவி நடக்கிறது.

முதல் படி, மனதைத் திறப்பது. வந்தவர் சொல்வதைப் பாட்டி பொறுமையாகக் கேட்கிறார். எத்தனை தொல்லை இருந்தாலும் எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்ல வைக்கிறார்.

இரண்டாவது படி, தூக்கி நிறுத்துவது. பத்துத் தொல்லைகளில் ஒன்றை மட்டும் வந்தவரே தேர்ந்தெடுக்க வேண்டும். அதற்கு என்ன செய்யலாம் என்பதையும் அவரேதான் யோசிக்க வேண்டும். பாட்டி கூடத் துணை இருப்பார். அவ்வளவுதான்.

மூன்றாவது படி, உறுதி ஊட்டுவது. அடுத்த தடவை வரும்போது, செய்து பார்த்தது பலித்ததா என்று விசாரிக்கிறார். பலிக்காவிட்டால், வேறு வழி பார்க்கச் சொல்கிறார்.

இப்படி 6 தடவை வரை பெஞ்சில் சந்திப்பு நடக்கிறது.

பை பின்னும் வட்டம்

பெஞ்சோடு கதை முடிந்துவிடவில்லை. அதற்குப் பிறகுதான் வட்டம் வருகிறது.

பெஞ்சில் உட்கார்ந்து தேறியவர்கள் கூட்டமாகச் சேருகிறார்கள். அந்தக் கூட்டத்துக்கு 'கைகோத்து நிற்போம்' என்ற பொருள்படும் ஷோனா பெயர். வட்டமாக உட்கார்ந்து, தாங்கள் பட்ட பாட்டையும், மீண்ட வழியையும் பேசிக்கொள்கிறார்கள்.

கைகள் சும்மா இருப்பதில்லை. பழைய பிளாஸ்டிக் பொருள்களைக் கொண்டு பை பின்னுகிறார்கள். அதை விற்றுக் கொஞ்சம் காசும் பார்க்கிறார்கள்.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு, "உன் துக்கத்தைச் சொல்" என்றால் நாக்கு எழாது. கை வேலையில் இருந்து, கண் பையில் இருந்தால் வாய் தானாகத் திறக்கும். நம் ஊரில் வேர்க்கடலை உரிக்கும்போதும், பூக் கட்டும்போதும் பெண்கள் மனம் விட்டுப் பேசுவது இதனால்தான்.

பரீட்சையில் தேறியது

"பாட்டி பேச்சில் நோய் போகுமா?" என்று சந்தேகப்படுகிறவர்கள் உண்டு. அதையும் பரீட்சை செய்து பார்த்தார்கள்.

ஹராரே நகரத்தில் 24 மருத்துவ நிலையங்களில், 573 பேரை எடுத்துக் கொண்டார்கள். அவர்களை 2 பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு வழக்கமான வைத்தியம். மற்றொரு பிரிவுக்குப் பாட்டி பெஞ்சும், விரும்பினால் வட்டமும்.

6 மாதம் கழித்துப் பார்த்தார்கள். வழக்கமான வைத்தியம் பெற்றவர்களில் 100-க்கு 50 பேரிடம் சோர்வு நோயின் அறிகுறி இருந்தது. பெஞ்சுக்கு வந்தவர்களில் 100-க்கு 14 பேரிடம்தான் இருந்தது!

2016-ம் ஆண்டு டிசம்பரில் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் பத்திரிகையில் இந்த முடிவு வெளியாயிற்று. உலகமே பாட்டிமாரைத் திரும்பிப் பார்த்தது.

மலாவி, ஜான்ஜிபார் ஆகிய இடங்களுக்கும், நியூயார்க் நகரத்துக்கும் அந்த யோசனை பரவியது. 2022-ம் ஆண்டில் கத்தார் நாட்டில் உலகக் கால்பந்துப் போட்டி நடந்தபோது, 32 கோஷ்டிகளின் பெயரால் 32 நட்பு பெஞ்சுகள் போடப்பட்டன.

காச நோயாளிகளின் வகுப்பு

கூடிப் பேசுவதால் குணம் உண்டு என்பது புதிய கண்டுபிடிப்பு அல்ல. 100 ஆண்டுகளுக்கு முன்பே இதைக் கண்ட டாக்டர் ஒருவர் இருந்தார்.

அமெரிக்காவில் பாஸ்டன் நகரம். 1905-ம் ஆண்டு. அப்போது காச நோய்க்கு மருந்து கிடையாது. ஸ்டிரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்பட்டது 1943-ம் ஆண்டில்தான்.

பணக்காரர்கள் மலைக் காற்று வாங்க விடுதிகளுக்குப் போவார்கள். ஏழைகள் எங்கே போவது?

ஜோசப் பிராட் என்ற டாக்டர், ஏழை நோயாளிகள் சுமார் 20 பேரை வாரத்துக்கு ஒருமுறை ஒன்றாகக் கூப்பிட்டார். ஒரு தேவாலயத்தார் பண உதவி செய்தார்கள். ஆளுக்கு ஒரு நோட்டுப் புத்தகம் கொடுத்தார். எத்தனை மணி நேரம் ஓய்வு எடுத்தோம், என்ன சாப்பிட்டோம், காய்ச்சல் எவ்வளவு என்று தினமும் அதில் எழுத வேண்டும். கூட்டத்தில் எல்லாரையும் எடை பார்ப்பார். எடை கூடியவர் எப்படிக் கூடியது என்று மற்றவர்களுக்குச் சொல்வார்.

டாக்டர் பிராட் நினைத்தது, பாடம் நடத்துவதாக. நடந்தது வேறு! தனித்தனியே பயந்து கிடந்தவர்கள் ஒருவரை ஒருவர் தேற்றினார்கள். ஒரே நோய் என்ற பந்தம் அவர்களைச் சேர்த்தது. அந்தச் சிநேகமே மருந்தாக வேலை செய்வதைப் பிராட் பார்த்தார். பல பேரை ஒன்றாக உட்கார வைத்துச் செய்யும் மன வைத்தியத்துக்கு அவரையே முன்னோடி என்கிறார்கள்.

15 நிமிஷம் 6 மணி ஆயிற்று

அடுத்த கதை, குடியைப் பற்றியது.

1935-ம் ஆண்டு மே மாதம். நியூயார்க்கைச் சேர்ந்த பில் வில்சன் என்பவர், வியாபார விஷயமாக ஆக்ரன் என்ற ஊருக்குப் போயிருந்தார். பங்கு மார்க்கெட்டில் வேலை பார்த்தவர். பெரிய குடிகாரராக இருந்து, சில மாதங்களாகக் குடியை நிறுத்தி இருந்தார்.

வியாபாரம் நடக்கவில்லை. ஓட்டல் கூடத்தில் தனியாக நின்றார். ஒரு பக்கம் மதுக்கடையின் சிரிப்பும் சத்தமும் கேட்டன. மறு பக்கம் டெலிபோன் இருந்தது.

அவர் டெலிபோன் பக்கம் நடந்தார். தேவாலயங்களுக்குப் பேசினார். இன்னொரு குடிகாரரைச் சந்திக்க வேண்டும் என்று கேட்டார். அப்படிக் கிடைத்தவர்தான் டாக்டர் பாப் ஸ்மித். அறுவைச் சிகிச்சை நிபுணர். குடியினால் தொழிலே ஆட்டம் கண்டிருந்தது.

"15 நிமிஷந்தான் பேசுவேன்" என்ற நிபந்தனையோடு வந்தார் பாப். பேச்சு 6 மணி நேரத்துக்கு மேல் ஓடியது!

ஏன்? பில் புத்தி சொல்லவில்லை. தான் பட்ட பாட்டைச் சொன்னார். அதுவரை டாக்டருக்கு உபதேசம் செய்தவர்கள் பலர். 'நானும் உன்னைப்போல்தான்' என்று சொன்னவர் இவர்தான்.

அதே ஆண்டு ஜூன் 10-ந் தேதிக்குப் பிறகு பாப் மதுவைத் தொடவில்லை. அந்த நாளையே 'பெயர் தெரியாக் குடிநோயாளர் சங்கம்' தன் பிறந்த நாளாகக் கொண்டாடுகிறது. 1951-ம் ஆண்டில் பில்லின் மனைவி லோயிஸ், குடிகாரர்களின் குடும்பத்தாருக்கும் ஒரு சங்கம் கண்டார். தமிழ்நாட்டு ஊர்களிலும் இந்தக் கூட்டங்கள் நடக்கின்றன. கட்டணம் கிடையாது. முழுப் பெயர் சொல்லத் தேவை இல்லை.

டாக்டரின் மனசை யார் பார்ப்பது?

நோயாளி சுமையை டாக்டரிடம் இறக்குகிறான். டாக்டர் எங்கே போய் இறக்குவார்?

இந்தக் கேள்வியைக் கேட்டவர் மைக்கேல் பாலிந்த். ஹங்கேரி நாட்டில் புடாபெஸ்ட் நகரில் 1896-ம் ஆண்டு பிறந்தவர். தகப்பனாரும் டாக்டர்தான். 1939-ம் ஆண்டில் இவர் இங்கிலாந்தில் குடியேறினார்.

1948-ம் ஆண்டில் இங்கிலாந்தில் எல்லாருக்கும் இலவச வைத்தியம் என்ற திட்டம் வந்தது. சாதாரணக் குடும்ப டாக்டர்களிடம் கூட்டம் குவிந்தது. அதில் பலருக்கு வயிற்றுவலி வெளியே; துக்கம் உள்ளே. டாக்டர்கள் திணறினார்கள்.

1950-ம் ஆண்டு வாக்கில், லண்டன் டாவிஸ்டாக் மருத்துவ மனையில் பாலிந்தும், பிறகு அவருக்கு மனைவியான ஈனிட் அம்மையாரும் இந்த டாக்டர்களைச் சிறு குழுவாகக் கூட்டினார்கள். சுமார் 10 பேர். வாரம் ஒரு நாள். காகிதம், குறிப்பு ஒன்றும் கூடாது. "எந்த நோயாளியின் நினைப்பு உங்களை விடாமல் துரத்துகிறது?" என்பதுதான் பேச்சுக்குப் பொருள்.

ஒரு டாக்டர் சொல்வார். மற்றவர்கள், "அந்த நோயாளி என்ன நினைத்திருப்பார்? நம் டாக்டருக்கு அவர்மேல் ஏன் எரிச்சல்?" என்று யோசிப்பார்கள். கதை சொன்னவர் நாற்காலியைச் சற்றுப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு, வாய் திறக்காமல் கேட்கும் வழக்கமும் இந்தக் குழுக்களில் வந்தது. தம் கதையைத் தாமே வெளியே நின்று பார்ப்பதுபோல் இருக்கும்.

மருந்துச் சீட்டில் எழுதும் மருந்தைப்போல, டாக்டரும் ஒரு மருந்து என்பது பாலிந்தின் கருத்து. அந்த மருந்தின் அளவும், அது செய்யும் கெடுதலும் டாக்டருக்கே தெரியவேண்டாமா? 1957-ம் ஆண்டில் இதைப் பற்றி அவர் ஒரு நூல் எழுதினார். இன்று பல நாடுகளில் டாக்டர்கள் 'பாலிந்த் குழு' நடத்துகிறார்கள்.

வக்கீல் எழுதி வைத்த கதை

கென்னத் ஷ்வார்ட்ஸ் பாஸ்டன் நகர வக்கீல். புகை பிடிக்காதவர். 1994-ம் ஆண்டு நவம்பரில், 40-வது வயதில், அவருக்கு நுரையீரல் புற்றுநோய் முற்றி இருப்பது தெரிந்தது.

அறுவைக்கு முந்திய பரிசோதனைக்குப் போனார். ஒரே கூட்டம். நர்சு அவசர அவசரமாகக் கேள்வி கேட்டாள். தமக்கு 2 வயதில் ஒரு மகன் இருப்பதை அவர் சொன்னார். நர்சின் குரல் தணிந்தது. அவள் கண் கலங்கியது.

மருந்தோடு மருந்தாக அந்த ஒரு துளிக் கண்ணீரும் தமக்குப் பலம் கொடுத்ததாக அவர் கருதினார். 1995-ம் ஆண்டு ஜூலையில் ஒரு பத்திரிகைக் கட்டுரையில் இதை எழுதினார். செப்டம்பரில் காலமானார்.

சாவதற்கு முன் ஒரு கேள்வியை விட்டுச் சென்றார். நாள் முழுவதும் துன்பத்தைப் பார்க்கிற நர்சுக்கு, அந்த ஈரம் வற்றாமல் எப்படிக் காப்பது?

அவர் பெயரால் ஏற்பட்ட நிலையம் அதற்கு வழி கண்டது. 1997-ம் ஆண்டில் பாஸ்டன் பெரிய ஆஸ்பத்திரியில் 'ஷ்வார்ட்ஸ் சுற்று' தொடங்கியது.

மாதம் ஒரு தடவை, ஒரு மணி நேரம். டாக்டர், நர்சு, தள்ளுவண்டி தள்ளுகிறவர், கூட்டிப் பெருக்குகிறவர், கணக்கர், எல்லாரும் வரலாம். சாப்பாடும் உண்டு. 3 அல்லது 4 பேர், தங்கள் மனதைத் தைத்த ஒரு சம்பவத்தைச் சில நிமிஷம் சொல்வார்கள். பிறகு மற்றவர்கள் பேசுவார்கள். வைத்தியம் சரியா, தப்பா என்ற விவாதம் கிடையாது. 'எனக்கு எப்படி இருந்தது' என்பதுதான் பேச்சு.

பெரிய டாக்டரே, "அந்தக் குழந்தை செத்த அன்று நான் காரில் உட்கார்ந்து அழுதேன்" என்று சொன்னால், மூலையில் நிற்கும் புது நர்சுக்கு எத்தனை தைரியம் வரும்!

2009-ம் ஆண்டில் இந்த முறை இங்கிலாந்துக்கும் போயிற்று. அங்கே செய்த ஆராய்ச்சி முடிவு 2018-ம் ஆண்டில் வெளிவந்தது. வழக்கமாகச் சுற்றுக்கு வந்தவர்களில், மன வேதனையில் இருந்தவர்கள் 100-க்கு 25 பேரில் இருந்து 12 பேராகக் குறைந்தார்கள். வராதவர்களிடம் 37 பேர் 34 பேர் ஆனதோடு சரி.

திண்ணைப் பேச்சு வேறு!

"இதெல்லாம் நம் திண்ணையில் நடந்ததுதானே?" என்று கேட்கலாம். ஒரு வித்தியாசம் இருக்கிறது.

திண்ணையில் பெரும்பாலும் அங்கே இல்லாதவனைப் பற்றிப் பேசுவோம். வட்டத்தில் ஒவ்வொருவரும் தன்னைப் பற்றிப் பேச வேண்டும்.

திண்ணையில் பேசியது பொழுது சாய்வதற்குள் குழாயடிக்குப் போய்விடும். வட்டத்தில் பேசியது வட்டத்தை விட்டு வெளியே போகக் கூடாது.

திண்ணையில் வாய் பெரிதானவர் ஒருவரே பேசுவார். வட்டத்தில் எல்லாருக்கும் முறை உண்டு.

இதற்கெல்லாம் காவலாகத்தான் கூட்டத்தை நடத்துகிற ஒருவர் வேண்டும். பயிற்சி பெற்றவராக இருக்க வேண்டும். அவர் தீர்ப்புச் சொல்லும் நாட்டாண்மை அல்ல. பாடம் நடத்தும் வாத்தியாரும் அல்ல.

அவர் வேலைகள் சில:

சொன்ன நேரத்துக்குத் தொடங்க வேண்டும். சொன்ன நேரத்துக்கு முடிக்க வேண்டும்.

'இங்கே கேட்டதை வெளியே சொல்லமாட்டோம்' என்று முதலிலேயே எல்லாரிடமும் ஒப்புதல் வாங்க வேண்டும்.

பேச விருப்பம் இல்லாதவரை வற்புறுத்தக் கூடாது. சும்மா உட்கார்ந்து கேட்பதற்கும் உரிமை உண்டு.

நீட்டிக் கொண்டே போகிறவரை மரியாதையாக நிறுத்தி, அடுத்தவருக்கு வழி விட வேண்டும்.

ஒருவர் அழுதால் பதறி வாயை அடைக்கக் கூடாது. பொறுத்திருக்க வேண்டும்.

"உன் இடத்தில் நான் இருந்தால்..." என்று புத்தி சொல்ல வருகிறவரைத் தடுத்து, "உங்களுக்கு அப்படி நடந்தது உண்டா? அதைச் சொல்லுங்கள்" என்று திருப்ப வேண்டும்.

எதற்கு உதவாது?

எல்லா நோய்க்கும் இது மருந்து அல்ல.

காதில் குரல் கேட்கிறவர்கள், உயிரை விடும் எண்ணம் உள்ளவர்கள், போதையால் உடம்பு கெட்டவர்கள் டாக்டரிடம் போயே ஆக வேண்டும். பெஞ்சுப் பாட்டியே அப்படித்தானே செய்கிறார்?

வேலை செய்யும் இடத்தில் வட்டம் போடுகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சம்பளம் போதவில்லை, 3 பேர் வேலையை ஒருவர் செய்கிறார் என்றால், அதற்குப் பரிகாரம் வட்டம் அல்ல. சம்பளமும் ஆளும்தான். அதைக் கொடுக்காமல், "வாருங்கள், மனம் விட்டுப் பேசுங்கள்" என்று கூப்பிட்டால், தொழிலாளி அதை ஏமாற்று என்றுதான் நினைப்பான்.

வட்டத்தில் ஒருவன் சொன்ன பலவீனத்தை மேலதிகாரி மறுநாள் பைலில் எழுதினால், அன்றோடு அந்த வட்டம் செத்தது. அப்புறம் எத்தனை டீ, பிஸ்கட் கொடுத்தாலும் ஒருவரும் வாய் திறக்கமாட்டார்கள்.

நம் நாட்டில்

தமிழ்நாட்டுக்கு இந்த வட்டம் முற்றிலும் புதிது அல்ல.

1989-ம் ஆண்டில் தர்மபுரி மாவட்டத்தில் பெண்கள் சுய உதவிக் குழுக்கள் தொடங்கின. பிறகு மாநிலம் எங்கும் பரவின. சேர்ந்ததென்னவோ சேமிப்புக்காகத்தான். ஆனால் மாதா மாதம் பாயைப் போட்டு வட்டமாக உட்காரும் இடத்தில், பணக் கணக்கோடு மனக் கணக்கும் வரத்தானே செய்யும்? கணவன் குடி, மகளின் படிப்பு, மாமியார் நோய் எல்லாம் அந்தப் பாயில் இறங்குகின்றன.

2018-ம் ஆண்டில் தமிழ்நாட்டுப் போலீசாருக்காக, பெங்களூர் 'நிம்ஹான்ஸ்' மனநல நிலையத்தின் உதவியோடு 'காவலர் நிறைவாழ்வுப் பயிற்சி' தொடங்கியது. போலீசாரோடு அவர்களின் குடும்பத்தாருக்கும் அதில் இடம் தரப்பட்டது. பந்தோபஸ்துக்கு நிற்பவர்களுக்கும் மனசு உண்டு என்பதை ஒப்புக்கொண்ட காரியம் அது.

சென்னையில் 1986-ம் ஆண்டு முதல் 'ஸ்னேகா' என்ற நிலையம், உயிரை வெறுத்தவர்களின் குறையைக் காது கொடுத்துக் கேட்டு வருகிறது. 2022-ம் ஆண்டு அக்டோபரில் மத்திய அரசாங்கம் 'டெலி மானஸ்' என்ற மனநல டெலிபோன் சேவையைத் தொடங்கியது. அதன் நம்பர் 14416. கட்டணம் இல்லை. தமிழிலேயே பேசலாம்.

ஹராரேக்குப் போக 15 டாலர் இல்லாமல் ஒரு பெண் செத்தாள். இங்கே டெலிபோனுக்குக் காசு வேண்டாம். ஆனால் 'ஊர் என்ன சொல்லும்?' என்ற பயம் பஸ் கட்டணத்தை விடப் பெரிய தடையாக நிற்கிறது.

அந்தத் தடையை எடுப்பது நம் கையில் இருக்கிறது. வீட்டில் ஒருவர் சரியாகச் சாப்பிடாமல், தூங்காமல், மோட்டு வளையைப் பார்த்துக்கொண்டு இருந்தால், "உனக்கு என்ன குறைச்சல்?" என்று அதட்ட வேண்டாம். பக்கத்தில் உட்காருங்கள். கையில் கீரையோ, வெங்காயமோ எடுத்துக் கொள்ளுங்கள். "என்னம்மா, என்னப்பா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

பிறகு நீங்கள் பேச வேண்டாம். அவர்கள் பேசட்டும்.